முதல் நாவலும் தடைக்காலமும்

ஆசிரியருக்கு,

கடலோர ஊரில் வேலைவெட்டியில்லாமல் திரியும் பையன்களை வைத்து முதல் நாவல் எழுத வருகிறவர்கள் கஞ்சா, கத்தி, கெட்ட வார்த்தை மூன்றையும் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள். சறுக்குவது நாள்கணக்கில்தான்.

கதை இராமநாதபுரம் கரையில் நடந்தால் முதலில் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். (நாட்டுப்படகுக்குத் தடையில்லை, படகுத்துறையையே காலியாகக் காட்டிவிடக் கூடாது.) பாக் ஜலசந்திப் பக்கம் மற்ற மாதங்களிலும் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்பது பழைய ஏற்பாடு. பையன்களின் வெட்டிப்பொழுதில் பாதி சோம்பல் அல்ல, இந்தக் கணக்கு.

அடுத்தது காற்று. இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகடலைக் கலக்கும்; ஆடியில் தென்கடல்தான் சீறும். ஆடி மாத அத்தியாயத்தில் வடகடலில் பேரலை எழுப்பினால் பாம்பன்காரர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கடல் அட்டைக் கடத்தல் வருமானால் இன்னொன்று: 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கடத்தலை யார் பிடித்தாலும் வழக்கு வனத்துறை வாசலுக்குத்தான் போகும், மீன்வளத்துறைக்கு அல்ல.

— ஒரு வாசகர், மண்டபம்