நாடக வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இவ்வாண்டு ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டை எடுத்துக்கொண்டோம். நாடகங்களைவிட அவருடைய அரசியலே கூட்டங்களில் அதிக நேரம் எடுத்தது; எடுத்திருக்கவும் வேண்டும். ஆட்சிக்குத் துதி பாடியவர் என்போரும், மக்கள் பக்கம் நின்றவர் என்போரும் சான்றாகக் காட்டுவது ஒரே நிகழ்வைத்தான்: கிழக்கு ஜெர்மனியின் 1953 ஜூன் எழுச்சி.

கிழக்கு ஜெர்மன் அரசு தொழிலாளர்களின் வேலை அளவைக் குறைந்தது 10 சதவீதம் உயர்த்தியது. பழைய கூலி வாங்கக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஜூன் 16 அன்று கிழக்கு பெர்லினின் ஸ்டாலின் சாலையில் கட்டடத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் போராட்டம் நாடெங்கும் பரவியது; சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின.

அந்த 17ஆம் தேதியே பிரெக்ட் ஆளும் கட்சியின் தலைவர் வால்டர் உல்பிரிஷ்டுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். கட்சியின் புரட்சிகர அவசரத்தை வரலாறு மதிக்கும் என்று தொடங்கி, சோஷலிசத்தை எந்த வேகத்தில் கட்டுவது என்பது குறித்து மக்களோடு பெரிய விவாதம் நடப்பது அதன் சாதனைகளைக் காக்க உதவும் என்று சொல்லி, கட்சியோடு தமக்குள்ள பிணைப்பைத் தெரிவித்து முடித்தார். ஜூன் 21 அன்று கட்சி நாளேடான 'நாயஸ் டாய்ச்லாண்ட்' அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அச்சிட்டது. விவாதம் வேண்டும் என்ற பகுதி போயிற்று. மேற்கு ஜெர்மனியில் பலர் அந்த ஒரு வரியைக் கொண்டே அவரைத் தீர்ப்பிட்டார்கள்.

23ஆம் தேதி அதே ஏட்டில் அவருடைய இன்னொரு அறிக்கை வந்தது. நியாயமான அதிருப்தியோடு தெருவுக்கு வந்த தொழிலாளர்களையும் கலகமூட்டியவர்களையும் ஒன்றாக்கக் கூடாது என்றார். இதையும் படிக்காமல் கடிதத்தைப் பேசுவது பாதிப் பேச்சு.

அவரை மக்கள் பக்கம் நின்றவர் என்போரின் பிழையும் சிறியதல்ல. மக்கள் அரசின் நம்பிக்கையை இழந்துவிட்டார்களாம். அப்படியானால் அரசு அந்த மக்களைக் கலைத்துவிட்டு வேறு மக்களைத் தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்கும் அவருடைய கவிதையைக் காட்டி, அவர் அரசைப் பகிரங்கமாக எதிர்த்ததாகச் சொல்கிறார்கள். அக்கோடையில் எழுதியது உண்மை. ஆனால் அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. அவர் இறந்தது 1956இல். கவிதை மேற்கு ஜெர்மன் ஏட்டில் வந்தது 1959இல். இடையே 1955 மே மாதம் மாஸ்கோ சென்று சோவியத் அரசின் ஸ்டாலின் அமைதிப் பரிசையும் பெற்றுக்கொண்டார்.

முழுக் கடிதமும் அவரை விடுவித்துவிடாது என்பதே என் கருத்து. டாங்கிகள் இறங்கிய நாளில் எழுதப்பட்டது அது. அதில் சுடப்பட்டவர்களுக்கென ஒரு சொல் இல்லை. ஏடு வெட்டியது அநீதி. எழுதப்படாதது அவருடைய பொறுப்பு.

வியன்னா அரங்குகள் 1963 வரை அவரைப் புறக்கணித்ததையும், 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் தாம் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அல்ல என்று அவர் சொன்னதையும் ஒரே கூட்டத்தில் முடித்தோம். அமெரிக்கப் பகுதியை மீண்டும் எடுக்கலாம்.

இனிமேல் எந்த நாடகாசிரியரின் அரசியலைப் பேசினாலும், மேற்கோளைத் தனியே தராமல் மூலம் முழுவதையும் படி எடுத்துக் கொடுக்க வேண்டும். எழுதிய தேதியையும் வெளியான தேதியையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

அடுத்த ஆண்டுக்கு பெர்னார்ட் ஷாவைப் பரிந்துரைக்கிறோம். 1931 சோவியத் பயணமும், அங்கே பஞ்சம் இல்லை என்று 1933இல் அவர் கையெழுத்திட்ட கடிதமும் முதலில் வரும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்