கமலாவுக்கு: ஆர்கேடுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

கோயம்புத்தூர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குப் பாளையங்கோட்டைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, பேரப்பிள்ளைகள் இனி உன் பக்கத்திலேயே இருப்பார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். மே விடுமுறைக்கு இங்கு வரும்போது மாலில் உள்ள ஆர்கேடுக்கு, அதாவது காசு கொடுத்து ஆடும் விளையாட்டு இயந்திரங்கள் நிறைந்த கூடத்துக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே அடம்பிடிப்பதாகவும், காசைக் கரியாக்கும் அந்த இடத்தில் அவர்கள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று நீ தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். என் பேத்தி வெண்பாவையும் பேரன் கதிரையும் நான் அங்கே அழைத்துப் போவதுண்டு என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் யாரோ எழுதிவைத்த விதி இருக்கிறது. அந்த விதி ஆடுபவரின் திறமைக்கு உண்மையிலேயே இடம் கொடுக்கிறதா, கொடுப்பதுபோல் காட்ட மட்டும் செய்கிறதா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். கவனித்து, ஊகித்து, மறுபடி சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை வகுப்பறையில் கொண்டுவர நீயும் நானும் எவ்வளவு பாடுபட்டோம் என்பது உனக்கே தெரியும்.

பிள்ளைகள் முதலில் ஓடுவது, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகள் குவிந்து கிடக்கும் இயந்திரத்திடம்தான். ஒருமுறை கதிர் ஆடியபோது மேலிருந்து கொக்கி இறங்கி, கரடிப் பொம்மையின் காதைக் கவ்வி, பாதி உயரம் வரை தூக்கிவிட்டு, அங்கே பிடி தளர்ந்து நழுவவிட்டது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனதில் கதிருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டத்துக்கான பணம் ஏற்றிய கார்டை உடனே மறுபடியும் தேய்க்காமல், ஓரமாக நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம் என்றேன். கொக்கி எவ்வளவு சரியாக இறங்கினாலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பிடி விட்டுப்போவதை முதலில் கண்டுபிடித்தவள் வெண்பா. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில் கொக்கியின் பிடி எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும், எத்தனை ஆட்டங்களுக்கு ஒரு முறை அது இறுகப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் நடத்துபவரே அமைத்துக்கொள்ள முடியும் என்று அதன் பிறகுதான் சொன்னேன். "அப்படியானால் நாம் சரியாக ஆடினாலும் அது மனசு வைத்தால்தான் கிடைக்குமா, ஆச்சி?" என்று கேட்டாள். நிகழ்தகவுப் பாடத்தை இதைவிட நல்ல கேள்வியோடு தொடங்கிய மாணவி எனக்கு வாய்த்ததில்லை.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற இந்தக் கேள்வி ஒரு மாநகரத்தையே பல ஆண்டுகள் அலைக்கழித்திருக்கிறது. சாய்வான பெட்டிக்குள் உருளும் பந்தைக் கொண்டு புள்ளிகள் சேர்க்கும் பின்பால் என்ற ஆட்டம் சூதாட்டமே என்று சொல்லி 1942இல் நியூயார்க் நகரம் அதைத் தடை செய்தது. பந்தைத் தடுத்துத் திருப்பி அடிக்கும் துடுப்புகள் அப்போது இயந்திரத்தில் இல்லை. 1947இல்தான் அவை வந்தன. ஆனாலும் தடை நீடித்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவினர் முன்னிலையில், பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்படியே அடித்துக் காட்டினார், தடை நீங்கியது. துடுப்புகள் வந்ததும் அதே பெட்டியின் இயல்பே எப்படி மாறிவிட்டது என்பதைக் கதிர் படம் வரைந்து பார்த்துப் புரிந்துகொண்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது பேக்-மேன்தான். 1980இல் ஜப்பானில் தோரு இவாதானி உருவாக்கிய திரை ஆட்டம் அது. சிக்கலான பாதைகளில் நம் உருவம் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓட, நான்கு பேய்கள் அதைத் துரத்தும். நான்கு பேய்களும் ஒன்றுபோலத் துரத்துவதாகத்தான் முதலில் தோன்றும். ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. சிவப்புப் பேய் நாம் இருக்கும் கட்டத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்புப் பேய் நமக்கு நான்கு கட்டங்கள் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் தொலைவில் இருக்கும்போது துரத்தி வரும், எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்கே திரும்பப் பார்க்கும். நீலப் பேயின் கணக்கில் சிவப்புப் பேய் நிற்கும் இடமும் சேர்ந்துகொள்வதால், அதன் போக்கைப் பிடிப்பதுதான் கடினம். ஆளுக்கொரு பேயை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார். பயந்து ஓடும் ஆரஞ்சை அவர்கள் கண்டுகொள்ளும்போது முகத்தில் வரும் மகிழ்ச்சிக்காகவே நீயும் கூட வர வேண்டும்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற சுடும் ஆட்டம் இன்னும் பழையது. 1978இல் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. அதில் வரிசையாக வரும் 55 வேற்றுக்கிரக உருவங்கள், நாம் சுட்டு வீழ்த்த வீழ்த்த எண்ணிக்கை குறைந்து, மிஞ்சியவை வேகமெடுக்கும். ஆட்டம் கடினமாக வேண்டும் என்று முதலில் அவர் போட்ட திட்டம் அல்ல அது. அன்றைய இயந்திரத்தின் கணினிச் சில்லுக்கு அத்தனை உருவங்களை நகர்த்துவதே பெரும் பாரமாக இருந்தது. உருவங்கள் குறையக் குறையப் பாரமும் குறைந்து, மீதி இருந்தவை தாமாகவே விரைந்து ஓடின. அதைக் கண்ட நிஷிகாடோ திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கணினி என்பது வேலை செய்ய நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு பொருள் என்பதை ஒரு பிள்ளைக்குக் கண்ணால் காட்ட, வேறு எங்கே இவ்வளவு எளிய சான்று கிடைக்கும்?

காற்றில் மிதக்கும் வட்டை எதிரெதிரே நின்று அடித்து ஆடும் ஏர் ஹாக்கி மேசையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உராய்வைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நீ கரும்பலகையில் எழுதியதையெல்லாம் சிறு துளைகள் வழியே வரும் காற்று செய்து காட்டிவிடும். பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் கோணத்தையும் பிள்ளைகள் இரண்டு ஆட்டத்தில் கைப்பழக்கமாக்கிக்கொள்கிறார்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 500 ரூபாயைக் கார்டில் ஏற்றிவிட்டு, அது தீர்ந்தால் வீடு திரும்புவோம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வேன். ரூபாய் புள்ளிகளாக மாறிய பிறகு செலவு கண்ணில் படுவதில்லை என்பதால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எவ்வளவு போயிற்று என்று வெண்பா ஒரு சின்ன நோட்டில் ரூபாயிலேயே குறித்துக்கொள்வாள். ஆட்டங்களில் வென்று சேர்ந்த பரிசு டிக்கெட்டுகளுக்குக் கிடைத்த பென்சில் பெட்டி கடையில் நாற்பது ரூபாய்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டவள், "மீதியெல்லாம் விளையாடியதற்கு" என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். அந்த மீதி அவ்வளவு தகுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை பொம்மை இயந்திரத்தின் பக்கமே அவள் போகவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழைத்துப் போகாதே. இரைச்சலும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் கூட்டமும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையாலும் எதையும் நின்று கவனிக்க முடியாது. வார நாளில் முற்பகல் என்றால் இயந்திரங்கள் காலியாகவே இருக்கும். சின்னவன் ஜாய்ஸ்டிக்கை எட்டிப் பிடிப்பானா, இருவரும் இப்போது எந்த வகுப்பு, உங்கள் ரயில் எந்தத் தேதியில் என்று எழுதி அனுப்பு. நோட்டுகளை நான் வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சரஸ்வதி