டிராகன் ஏஜ் பேக் பக்கத்துல எழுதியிருக்கற வரி பொய், மாத்துங்க

வணக்கம்,

உங்க ஸ்டோர்ல டிராகன் ஏஜ் நாலு கேமும் சேர்ந்த பேக் வாங்கினேன், அது பத்தி ஒரு புகார். பேமென்ட், டவுன்லோட் எதுலயும் பிரச்சனை இல்ல. முதல் கேம்ல எடுக்கற முடிவு கடைசி கேம் வரைக்கும் கூடவே வரும்னு அந்த பக்கத்துல எழுதி வச்சிருக்கீங்களே, அதான் பிரச்சனை. அத நம்பித்தான் முழு செட்டையும் வாங்கினேன்.

2009ல வந்த முதல் கேம் ஆரிஜின்ஸ்ல ஃபெரல்டன்ங்கற நாட்டை யார் ஆளணும்னு நாமதான் முடிவு பண்றோம், நம்மகூட சண்டை போடற அலிஸ்டரா ராணி அனோராவா, துரோகம் பண்ண தளபதி லோகெய்னை கொல்றதா இல்ல நம்ம பக்கம் சேத்துக்கறதா, சேத்துக்கிட்டா அலிஸ்டர் கோச்சுக்கிட்டு கிளம்பிடுவான், கடைசி சண்டைக்கு முந்தின ராத்திரி நம்மகூட இருக்கற சூனியக்காரி மோரிகன் வந்து ஒரு சடங்குக்கு சம்மதம் கேப்பா, அதுல அவளுக்கு ஒரு குழந்தை பொறக்கும், அதுக்கு சரின்னு சொல்றதா வேணாமா, இப்படி ஒவ்வொண்ணுக்கும் கேமை பாஸ்ல போட்டுட்டு யோசிச்சிருக்கேன். 2011ல வந்த ரெண்டாவது கேமுக்கு அந்த சேவ் ஃபைலையே ஏத்தலாம். 2014ல மூணாவது கேம் இன்குவிசிஷன் வந்தப்போ பழைய முடிவையெல்லாம் குறிச்சு உள்ள கொண்டு போறதுக்குன்னே கீப்னு ஒரு வெப்சைட் குடுத்தாங்க.

2024ல வந்த நாலாவது கேம் வெயில்கார்டுக்கு பழசுலேர்ந்து வர்றது மூணே விஷயம், அதுவும் இன்குவிசிஷன்ல நடந்தது மட்டும்தான். அந்த கேம்ல நாம ஆடற இன்குவிசிட்டர் யாரை லவ் பண்ணாங்க, அவங்க நடத்தின இன்குவிசிஷன்ங்கற அமைப்பை கலைச்சாங்களா, கூட இருந்து பிரிஞ்சு போன சோலஸை தடுக்கணும்னு நினைச்சாங்களா இல்ல மனச மாத்தணும்னு நினைச்சாங்களா. அவ்ளோதான். முதல் ரெண்டு கேம்ல எடுத்த முடிவு பத்தி ஒரு கேள்வி கூட இல்ல. மோரிகன் வர்றா, ஆனா அவளுக்கு ஒரு பையன் பொறந்தானா இல்லையான்னு பேச்சே இல்ல.

வெயில்கார்ட் மோசம்னு சொல்ல வரல. வைஸ்ஹாப்ட் கோட்டை முற்றுகையும் சோலஸ் கதை முடியற விதமும் பிரமாதம். ரெண்டாவது கேம்ல ஒரே குகைய திரும்பத் திரும்ப காட்டறாங்கன்னு எல்லாரும் திட்டுவாங்க, நிஜம்தான், ஆனா கிர்க்வால்ங்கற ஒரே ஊர்ல நாம ஆடற ஹாக்கோட குடும்பம் வருஷக்கணக்கா படற பாடு இந்த சீரிஸ்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. இன்குவிசிஷன்ல ஹின்டர்லேண்ட்ஸ்ல செடி பறிச்சே அலுத்துப் போச்சு, அப்புறம் ஃபேட்ங்கற ஆவி உலகத்துக்குள்ள ஒரு இடம் வரும், ஹாக்கோ, கூட வந்த வார்டனோ (கிரே வார்டன்ங்கற வீரர் படைய சேர்ந்தவர்) யாராவது ஒருத்தர விட்டுட்டுத்தான் வெளிய போக முடியும். என் கதைல அந்த வார்டன் அலிஸ்டர். ஆரிஜின்ஸ்ல அவனை ராஜாவாக்காம வார்டனாவே விட்டது நான்தான், அதனாலதான் அவன் அங்க வந்து நிக்கறான், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர எப்படி விட்டுட்டு வர்றதுன்னு என்னால பட்டனை அமுக்கவே முடியல. எனக்கு இந்த சீரிஸ்னா அதான். இப்படி ஒண்ணு வெயில்கார்டுலயும் காத்திருக்குன்னு உங்க வரி சொல்லுது, வாங்கறவங்க அதுக்குத்தான் காசு குடுக்கறாங்க.

அதனால மொதல்ல அந்த வரிய எடுங்க. எந்த கேம்லேர்ந்து எந்த கேமுக்கு எது வரும், எது வராதுன்னு தெளிவா போடுங்க. அத நம்பி வாங்கின எனக்கு வெயில்கார்டுக்கான தொகைய மட்டும் திருப்பி குடுங்க, மத்த மூணு கேமும் எனக்கு வேணும். பில்லும் அந்த பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட்டும் இதோட இணைச்சிருக்கேன்.