எண்பது பந்துகளும் ஒரு மனத்தாங்கலும்

மதிப்பிற்குரிய டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஏப்ரல் 13, மினியாபொலிஸில் நல்ல குளிர். உங்கள் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வீசி, அடிக்க வந்த 21 பேரையும் வரிசையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். அதில் 13 பேர் பந்தை அடிக்க முடியாமலே ‘ஸ்ட்ரைக் அவுட்’. வீசியது 80 பந்துகள்தான். இன்னும் இரண்டு இன்னிங்ஸ் இப்படியே போயிருந்தால், எதிரணியில் ஒருவரும் பேஸைத் தொடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’ அவருடையது. எட்டாவது இன்னிங்ஸுக்கு நீங்கள் அவருக்குப் பதிலாக அலெக்ஸ் வெசியாவை அனுப்பினீர்கள். அந்த இன்னிங்ஸிலேயே எதிரணியின் கேரி சாஞ்செஸ் ஹிட் அடித்து பேஸைத் தொட்டார். டாட்ஜர்ஸ் 7-0 என்று வென்றது. வென்ற ஆட்டத்துக்காக உங்கள் மேல் இத்தனை நாள் மனத்தாங்கலோடு இருந்தவன் நான். 2016இல் ரிச் ஹில் என்ற பிட்சரையும் இதேபோல் ஏழு இன்னிங்ஸோடு உட்காரவைத்தவர் நீங்கள்தானே!

உங்கள் நியாயம் தெரியாமல் இல்லை. அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் பயிற்சிக் காலம் சுருங்கிய ஆண்டு அது. முந்தைய சீசனின் முடிவில் கெர்ஷாவுக்குக் கையில் வலி. நீங்கள் செய்தது சரி என்று அவரே சொல்லிவிட்டார். அவரே சொன்ன பிறகு உனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்ததுதான்.

ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு ஓவர் வீச முடியாத கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே ஒன்பது இன்னிங்ஸையும் வீசி முடிப்பதுதான் பேஸ்பாலில் நான் கண்ட முதல் அதிசயம். சை யங் 749 ஆட்டங்களை அப்படி முடித்தார். அது வேறு யுகம், விட்டுவிடுவோம். பாப் கிப்சன் 1968இல் தொடங்கிய 34 ஆட்டங்களில் 28ஐ முடித்தார். 2011இல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் 11. அதற்குப் பிறகு ஒரு சீசனில் எவரும் பத்தைத் தொடவில்லை. 2024இல் முப்பது அணிகளின் பிட்சர்களும் சேர்ந்து முடித்தவை 28. கிப்சன் ஒற்றை ஆளாகச் செய்த கணக்கு!

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அடிப்பவர் அதே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பந்தின் போக்கைப் படித்துவிடுகிறார். அதற்குள் களைப்பில்லாத கை ஒன்றை, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னிலிருந்து கொண்டுவருவதுதான் கணக்குப்படி சரி. சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2020இல் உங்களுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், இரண்டே ஹிட் கொடுத்திருந்த பிளேக் ஸ்னெல்லை எதிரணி மேலாளர் கெவின் கேஷ் 73 பந்துகளோடு வெளியே எடுத்ததும் இந்தக் கணக்கால்தான். அடுத்து அடிக்க வந்த உங்கள் மூக்கி பெட்ஸ் இரண்டாம் பேஸ் வரை ஓடும் ‘டபுள்’ அடித்தார். கோப்பை உங்கள் கைக்கு வந்தது. கணக்குப் பொய்த்ததால் பலன் பெற்றவர் நீங்கள்!

பிட்சரின் முழங்கையைக் காப்பாற்றவே இப்படி என்பார்கள். 2022இல் ஆறு ஆட்டங்களை முடித்த சாண்டி அல்கான்டரா மறு ஆண்டே அறுவை சிகிச்சைக்குப் போனார், உண்மை. ஆனால் ஐந்து இன்னிங்ஸோடு நிறுத்தப்படுகிறவர்களும் அதே சிகிச்சைக்குத்தான் போகிறார்கள். ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் எறியச் சொல்லிவிட்டு, பந்துகளை எண்ணுவதால் மட்டும் கை பிழைத்துவிடுமா?

கடைசியில் 2025 அக்டோபரில் நீங்களே என்னைக் குழப்பினீர்கள். மில்வாக்கியில் யோஷினோபு யமமோட்டோவின் முதல் பந்தே ஹோம் ரன். ஆனாலும் அவரை விட்டுவைத்தீர்கள். 111 பந்துகளில் ஆட்டத்தை முடித்தார். உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், டொராண்டோவில், 105 பந்துகளில் மறுபடியும் முடித்தார். கடைசி 20 பேரில் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. உலகத் தொடரில் 2015க்குப் பிறகு எவரும் செய்யாத காரியம். அன்று இரவு உங்களை மன்னித்துவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் சந்தேகம் வந்தது. அந்தச் சீசனில் உங்கள் புல்பென் படுத்திய பாடு ஊரறிந்தது. யமமோட்டோவை நம்பி விட்டீர்களா, மற்றவர்களை நம்ப முடியாமல் விட்டீர்களா?

கெர்ஷா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கணக்கில் பெர்ஃபெக்ட் கேம் ஒன்றுகூட இல்லை. கேட்க இருப்பது ஒன்றுதான்: 2022 ஏப்ரலிலும் புல்பென் அந்த நிலையில் இருந்திருந்தால், அவரை எட்டாவது இன்னிங்ஸுக்கு அனுப்பியிருப்பீர்களா?

அன்புடன்,
இன்னும் முழுதாக மன்னிக்காத ஒரு ரசிகன்