இலவசப் பாதைகளைத் தமிழில் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் உடம்பைப் பேணுவதற்கும் காசு வேண்டியிருக்கிறது, உடற்பயிற்சிக்கூடத்துக்குச் சந்தா கட்ட வழியில்லாத மூத்தோர் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் கேட்டிருந்தார். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த ஊரில் நடக்க, ஓட, மலையேற ஒரு காசும் கேட்காத பாதைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றிய விவரம் நம் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் குறை.

நான் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். அப்பர் புக்கிட் தீமா சாலையில், இப்போது ரெயில் மால் கடைகள் இருக்கும் இடத்துக்கு அருகே, சாலைக்குக் குறுக்கே கறுப்பு இரும்புப் பாலம் ஒன்று உண்டு. 67, 170 ஆகிய பேருந்துகளில் போகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் மேலே மலாயா ரயில் போகும், கீழே நாங்கள் போவோம். பயணிகள் தலையைத் தூக்கி வேடிக்கை பார்ப்பார்கள். ஓட்டுநருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிப் போனார். பிறகு தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். ரயில் ஓடிய நிலம் இப்போது தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ்வரை 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதை. நிமிர்ந்து பார்க்க முடியாமல் போன அந்தப் பாலத்தின் மேல் நின்று, கீழே போகும் 170ஐ இப்போது நான் வேடிக்கை பார்க்கிறேன்.

இந்தப் பாதை மூத்தோருக்கு ஏன் தோதானது என்பதற்கு ஓட்டுநர் என்ற முறையில் ஒரு காரணம் சொல்கிறேன். ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. அதனால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரவியும்தான் பாதை போட்டிருப்பார்கள். முழங்கால் தேய்ந்தவர்கள்கூட மூச்சு வாங்காமல் நடக்கலாம். முழுத் தூரத்தையும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஹில்வியூவிலிருந்து பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம்வரை உள்ள நடுப்பகுதி 4 கிலோமீட்டர். இரு முனையிலும் இரும்புப் பாலம், இரு முனைக்கும் பக்கத்தில் எம்ஆர்டி நிலையம். நடுவில் ஓரிடத்தில் இரு பக்கமும் காடு நெருங்கி வந்து வெயிலே விழாது. பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் பழுதுபார்த்து 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தண்டவாளத்தில் ஒரு துண்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கழிவறையும் இருக்கிறது.

கழிவறையைப் பற்றி எழுதுகிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். எந்தத் தடத்தைப் பற்றிக் கேட்டாலும் பேருந்து ஓட்டுநர் மனத்தில் முதலில் வருவது அதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கும் அப்படித்தான். என் மனைவியை நடக்கக் கூப்பிட்டால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க மாட்டாள். "வழியில இடம் இருக்கா?" என்பாள். அதற்கு ஒழுங்கான பதில் சொல்லிவிட்டால் எவ்வளவு தூரமும் வருவாள். நம் பெண்களுக்கு நடக்கத் தெரியாதா என்ன? தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம் சுமந்து தார்ச்சாலையில் வெறுங்காலோடு போகிறவர்கள் அவர்கள்தாமே.

என் வீடு புக்கிட் பாஞ்சாங்கில். இங்கிருந்து புறப்படும் டவுன்டவுன் எம்ஆர்டி பாதை, வரைபடத்தில் நீலக்கோடு, வேலைக்குப் போகிறவர்களுக்காகப் போட்டது. ஆனால் அதை நடைக்காரர்களின் பாதை என்றே சொல்வேன். ஹில்வியூவில் இறங்கினால் நான் சொன்ன ரயில் பாதை. பியூட்டி வோர்ல்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் புக்கிட் தீமா குன்று. தாவரவியல் பூங்காவுக்கு அதன் பெயரிலேயே நிலையம். வண்டி மாறாமல் கிழக்கே போனால் பிடோக் நீர்த்தேக்கம். எதிலும் நுழைவுக்கட்டணம் இல்லை, போகவர ரயில் காசு மட்டுந்தான். திரும்பும்போது லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்கா உணவங்காடியில் நெய்த்தோசை சாப்பிட்டால் அது உங்கள் பொறுப்பு.

புக்கிட் தீமா உயரம் 163 மீட்டர். ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்தவர்கள் இதையா மலை என்கிறீர்கள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருகையாளர் நிலையத்தைத் தாண்டியதும் வரும் முதல் மேட்டில் சிரிப்பு நின்றுவிடும். தார் போட்ட பாதைதான், ஆனால் முதல் கியரில் ஏற வேண்டிய மேடு. அதில் மட்டும் அவசரப்படாமல் நின்று நின்று ஏறினால் பிறகு கடினமில்லை. காட்டுப்பகுதி காலை 7 மணிமுதல் மாலை 7 மணிவரை திறந்திருக்கும். கீழே வருகையாளர் நிலையத்தில் கழிவறை உண்டு, உச்சியில் கிடையாது. நெகிழிப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். பை என்றாலே தீனி என்று குரங்குகளுக்குத் தெரிந்துவிட்டது. தேங்காய், வாழைப்பழம் கொடுத்துப் புண்ணியம் தேடுவதும் இங்கே செல்லாது. வனவிலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

ஓடுகிறவர்களுக்குப் பிடோக் நீர்த்தேக்கம். ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளம் அது; இப்போது தண்ணீரைச் சுற்றி 4.3 கிலோமீட்டர் பாதை. சமதளம், சாலையைக் கடக்க வேண்டியதில்லை, எந்த இடத்தில் களைத்தாலும் தொடங்கிய இடத்துக்கு வந்துசேரலாம். வெயிலுக்குப் பயந்தவர்களுக்குத் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. காலை 5 மணிக்கே கதவு திறந்துவிடுவார்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே நுழைவுச்சீட்டு. அது வேண்டாம் என்றால் சட்டைப்பையில் கைவைக்க வேண்டியதில்லை.

நீலக்கோட்டுக்கு வெளியேயும் நல்ல இடங்கள் உண்டு. மெக்ரிட்ச்சி காட்டில் மரங்களின் உச்சிக்கு நடுவே 250 மீட்டர் தொங்குபாலம் போட்டிருக்கிறார்கள். ஒருவழிப்பாதை, ஏறிவிட்டால் திரும்ப முடியாது. திங்கட்கிழமைகளில், பொது விடுமுறையாக இருந்தாலொழிய, மூடிவிடுவார்கள். எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் கூட்டமில்லை என்று திங்கட்கிழமையாகப் பார்த்துத்தான் கிளம்புவோம். காட்டுக்குள் அவ்வளவு தூரம் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் மூத்த தம்பதிகளை நான் சந்தித்திருக்கிறேன். தெற்கு மலைத்தொடர் நடைபாதை 10 கிலோமீட்டர். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துப் பக்கமிருந்து மவுண்ட் ஃபேபருக்கு ஏறும் மராங் பாதை 800 மீட்டர்தான், ஆனால் படிகள் நிறைய. முழங்கால்வலிக்காரர்கள் அலெக்சாண்டிரா பக்கம் ஹோர்ட்பார்க் என்ற பூங்காவில் தொடங்குவது உத்தமம். அங்கிருந்து காட்டுக்கு மேலே இரும்புச் சட்டங்களால் போட்ட நடைபாதை மெதுவாக வளைந்து வளைந்து ஏறும், சக்கர நாற்காலிகூடப் போகும். காலடியில் கம்பி இடுக்கு வழியாக மரத்தின் உச்சி தெரியும். என் மனைவி அதில் மட்டும் கைப்பிடியை விட மாட்டாள். தீவைக் குறுக்கே கடக்கும் 36 கிலோமீட்டர் பாதையும் உண்டு. அது என் மகன் வயதுக்காரர்களுக்கு.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் தீமா அடிவாரத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூன்றுபேர் தயங்கித் தயங்கி நின்றார்கள். கட்டுமான வேலைக்கு வந்தவர்கள். வாரத்தில் ஒரே நாள் விடுமுறை. அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, டிக்கெட் எங்க எடுக்கணும்?" என்றார். டிக்கெட் இல்லை தம்பி, போகலாம் என்றேன். நம்பவில்லை. "எங்கள மாதிரி ஆளுங்க போலாமா?" என்று மறுபடி கேட்டார். சேர்ந்தே ஏறினோம். இந்த ஊருக்கு வந்து பல வருடம் ஆகியும் தேக்காவையும் விடுதியையும் வேலையிடத்தையும் தவிர வேறெங்கும் போனதில்லை என்றார்கள். அவர்களுக்குக் காட்டில் நடப்பது தெரியாத விஷயமில்லை. இங்கே அது தங்களுக்கும் உரியதென்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காட்டோரங்களில் சிவப்பு எழுத்தில் ஆபத்து என்று எச்சரிக்கும் பலகைகளைப் பாருங்கள், நான்கு மொழியிலும் இருக்கும். எவ்வளவு தூரம், அடுத்த நிழற்கூடம் எங்கே, எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று சொல்லும் பலகைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் ஆங்கிலம்தான். கைப்பேசிச் செயலிகளும் அப்படியே. எல்லாப் பலகையிலும் நான்கு மொழி எழுதுவது நடக்கிற காரியமா என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் அரசாங்கத்திடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன்.

வாரம் ஒரு பாதையைப் பற்றித் தமிழில் போடுங்கள். கால் பக்கம் போதும். இயற்கை அழகை வருணிக்க வேண்டாம், அதைப் போய்ப் பார்த்துக்கொள்வோம். எந்த நிலையத்தில் எந்த வாயில், எந்தப் பேருந்து, முதல் கழிவறை எவ்வளவு தூரத்தில், தண்ணீர் எங்கே பிடிக்கலாம், படிகள் உண்டா, காலை எத்தனை மணிக்கு நிழல் போகிறது, எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதைச் சொன்னால் போதும். பாதியில் மழையோ இடியோ வந்தால், அல்லது யாருக்காவது தலைசுற்றினால், எந்த இடத்தில் விலகிச் சாலைக்கு வரலாம் என்பதையும் கட்டாயம் போடுங்கள். ஆங்கில விவரங்களில் நான் தேடித் தேடிக் கிடைக்காதது அதுதான்.

நம் கதையும் சேர்ந்தால் படிக்கச் சுவையாக இருக்கும். 1932இல், தஞ்சோங் பகார் நிலையம் திறந்த அதே ஆண்டில், ரயில்வேயில் வேலைபார்த்த தமிழர்கள் குவீன்ஸ்டவுன் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிச் சின்னதாக முனியாண்டிக்கு ஒரு குடில் போட்டார்கள். அதுதான் வளர்ந்து இன்று கோமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக நிற்கிறது. கும்பிடப் போகிற எத்தனை பேருக்கு, அந்தத் தண்டவாளம் கிடந்த இடத்தில் இப்போது நடந்தே வரலாம் என்று தெரியும்? காலை நடையைக் கோயிலில் முடித்துக்கொள்ளும்படி ஒரு பாதையை வகுத்துப் போட்டால் எங்கள் புளோக் மூத்தோர் அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள்.

முதல் நான்கு வாரத்துக்கு வேண்டிய விவரத்தை நானே நடந்து பார்த்து எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். எழுத்துப்பிழையை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். படம் எடுக்க மட்டும் ஆள் அனுப்ப வேண்டும். காலை ஆறரைக்கு வரக்கூடியவராக இருக்கட்டும், திங்கட்கிழமை வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
புக்கிட் பாஞ்சாங்