செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பாளையங்கோட்டையில் நடந்த நம் சங்க உறுப்பினர்களின் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று ஆட்டத்தைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்; செயற்குழுவின் பரிந்துரைகள் இரண்டும் அதிலிருந்தே எழுந்தவை.

சம புள்ளிகளுடன் மோதியவர்கள் நம் மேலப்பாளையம் உறுப்பினரும் அம்பாசமுத்திரம் உறுப்பினரும் ஆவர். இவர்களில் யார் கை ஓங்கியது என்று கேட்டால் சங்கத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. வெள்ளைக் காய்களுடன் ஆடிய மேலப்பாளையத்தார் நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாயை வென்று, மற்ற காய்களையெல்லாம் மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு யானையும் தமக்கு மட்டும் ஒரு சிப்பாயும் எஞ்சிய இறுதியாட்டத்துக்கு, அதாவது சில காய்களே மிஞ்சும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு, வந்தபோது, வெற்றி அவருக்கே என்று பார்த்திருந்தவர்களில் பலரும் எண்ணினர். ஆனால் எதிராளியோ, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீரர் பிலிடோர் காட்டிய வழியில், தம் ராஜாவைச் சிப்பாயின் பாதையிலேயே நிறுத்தி, வெள்ளை ராஜா முன்னேற முடியாதபடி, வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் வரிசையை யானையால் அடைத்தார். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும், வெள்ளை ராஜாவுக்கு அதன் முன்னால் ஒதுங்க இடமில்லாமற் போகவே, யானையை முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து தொடர்ந்து செக் வைத்தார்.

நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் நேரம் தரப்படும் ஆட்டங்களில் கடைசி வரை நகர்வுகளைக் குறித்தாக வேண்டும் என்பது விதி. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கோரலாம்; அப்படி வரப்போவதைத் தாம் நகர்வுகளைக் குறித்த தாளிலிருந்தே கண்டுகொண்ட அம்பாசமுத்திரத்தார், அடுத்த நகர்வைக் காயைத் தொடாமல் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் டிரா கோரினார்; கோரிக்கை ஏற்கப்பட்டது.

இதைச் சப்பென்ற முடிவு என்று சிலர் குறைபட்டுக்கொண்டதை நான் ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிராவை எட்டக்கூடிய நிலையில் நின்ற டிங் லிரென், 55ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தி, நம் குகேஷிடம் பட்டத்தையே இழந்தார். அத்தகைய நெருக்கடியில் தடுமாறாமல் நின்றவரையும், சிறிதும் விட்டுக்கொடுக்காமல் நெருக்கியவரையும் ஒருசேரப் பாராட்டுவதே முறை.

ஆகவே, சுழற்கோப்பையை இருவரும் ஆளுக்கு ஆறு மாதம் வைத்திருக்கவும், திறப்பாட்டம் எனப்படும் தொடக்க நகர்வுகளை மட்டுமே மனப்பாடம் செய்யும் நம் இளையோருக்கு ஞாயிறுதோறும் யானை இறுதியாட்ட வகுப்பு நடத்தவும் பேரவை ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்