ஜட்டியில் மலக்கறையா? அடிக்கும் முன் வயிற்றைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒழுங்காகக் கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்த நான்கைந்து வயதுப் பிள்ளை திடீரென்று ஜட்டியிலேயே போக ஆரம்பித்தால், “வேணும்னே பண்றான்”, “விளையாட்டு மும்முரத்துல எழுந்து வர மாட்டேங்கிறா” என்று வீட்டில் சொல்கிறார்கள். அடியும் விழுகிறது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உண்மையில் இருப்பது மலச்சிக்கல். நீலகிரியில் உறைபனி தொடங்கும் இந்த நேரத்தில் பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறோம்.

“தினமும் தண்ணியாத்தானே போகுது, இதுல சிக்கல் எங்கே?” என்று உடனே கேட்பார்கள். குழப்பமே அங்கேதான். இறுகிய மலம் ஒருமுறை வலியோடு வெளியேறினால், ஆசனவாயில் சிறு வெடிப்பு விழுந்தால், அடுத்த முறை பிள்ளை பயந்து அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்கப் பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். மலம் மேலும் இறுகிப் பருக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து ஜட்டியில் இறங்கும். கசிவது பிள்ளைக்குத் தெரியாது, நாற்றம்கூடப் பழகிப்போயிருக்கும். இதைப் பேதி என்று நினைத்து, நிறுத்த மருந்து கொடுத்தால் அடைப்பு கூடும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் பகலில் சிறுநீர் சொட்டுவது, இரவில் படுக்கை நனைவது, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் சேர்ந்து வரலாம்.

கதவுக்குப் பின்னால் ஒளிந்து, காலைப் பின்னி, நுனிக்காலில் விறைத்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து முக்குகிறது என்று நினைக்கிறோம். அது முக்கவில்லை, அடக்குகிறது. இதோடு வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ போவதும், போனால் கழிவறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பருமனாக வருவதும் இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

மலையில் அடக்குவதற்குக் காரணங்கள் அதிகம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகள் பலவற்றில் கழிவறை வெளியே இருக்கிறது. விடிகாலையில் தரை சில்லிடும், கழுவும் தண்ணீர் விறைக்க வைக்கும், பெரியவர்களுக்கென்று பதித்த பேசினில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. குளிரில் தாகம் எடுக்காததால் தண்ணீர் குடிப்பது குறைகிறது. பசிக்கு டீயும் வர்க்கியும் கொடுத்துவிடுகிறோம்; வர்க்கி மைதாவில் செய்வது, மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. பாலும் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோறு, காய் இறங்காது.

வைத்தியத்தில் முதல் வேலை, தேங்கியதை வெளியேற்றுவது. வாயால் குடிக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். வழக்கமான அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். 15 கிலோ பிள்ளைக்கு 15 முதல் 22 கிராம் வரை. சொன்ன அளவு தண்ணீரில் கரைத்தே கொடுக்க வேண்டும். மலத்தை இளக்குவது அந்தத் தண்ணீர்தான். இந்த நாட்களில் கசிவு முன்னைவிட அதிகமாகும். இதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக் கூடாது. பிறகு கிலோவுக்கு சுமார் 0.4 கிராம் என்று குறைத்து, குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும். ஒரு மாதம் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாத பின்பே படிப்படியாகக் குறைப்பார்கள். விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க அவ்வளவு காலம் ஆகும். “மருந்துக்கே குடல் பழகிவிடும்” என்ற பயத்தில் பத்தாம் நாளே நிறுத்துவதால்தான் பெரும்பாலும் திரும்ப வருகிறது. இந்தப் பொடி குடலைச் சோம்பலாக்குவதில்லை. பொடி கிடைக்காத இடத்தில் லாக்டுலோஸ் சிரப் தருவார்கள்.

மருந்தோடு உட்காரும் பழக்கமும் வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும்; எனவே காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணிக்குள் 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். கொழுந்து பறிக்க அம்மா சீக்கிரம் கிளம்பும் வீட்டில் இரவு வேளையையாவது விடாதீர்கள். வெஸ்டர்ன் கழிவறையானால் காலுக்கடியில் முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கப் பாருங்கள். கால் தொங்கினால் முக்க முடியாது. வெளிக் கழிவறைக்குப் பயந்தால் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகள் உட்காரும் சிறு மலத்தொட்டி (potty) வையுங்கள், வெந்நீர் கலந்து கழுவிவிடுங்கள். பலூன் ஊதச் சொன்னால் வயிற்றுத் தசை தானாக இறுகும். வந்தாலும் வராவிட்டாலும், உட்கார்ந்ததற்காகப் பாராட்டுங்கள்.

நம் ஊர்ப் பேரிக்காய், பிளம்ஸ் இரண்டிலும் மலத்தை இளக்கும் சார்பிடால் இருக்கிறது. சாமை, ராகி, பீன்ஸ், பட்டாணி எல்லாம் நல்லவை. ஆனால் கட்டி அடைத்திருக்கும்போது நார்ச்சத்தை அள்ளிக் கொடுத்தால் வயிறுதான் உப்பும். சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைப்பதை அறவே விடுங்கள். புண்ணும் பயமும்தான் மிஞ்சும்.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் மலம் போகாதிருந்த பிள்ளை, வயிறு வீங்கிப் பச்சையாக வாந்தி எடுக்கும் பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, மலம் நாடா போல மெலிந்து வரும் பிள்ளை, கால் வலுவிழந்த பிள்ளை: இவர்களை வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பள்ளிகளிடம் எங்கள் வேண்டுகோள்: “இடைவேளை வரட்டும்” என்று சொல்லாமல், கேட்டவுடன் பிள்ளையைக் கழிவறைக்கு விடுங்கள். குளிர்கால மாதங்களில் கழிவறையில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரும், பையில் ஒரு மாற்று ஜட்டியும் இருக்கட்டும். மற்ற பிள்ளைகள் பார்க்காதபடி மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பணியாளர்கள் சிலர்,
கோத்தகிரி.